நாலு மணி ரயிலில் வந்த வழக்கு

என் தங்கச்சியைப் போல ஒரு துணிச்சல்காரியை நான் பிறகு கண்டதில்லை. இதை அவளுக்கு நேரே சொல்ல மாட்டேன். சொன்னால் தலையில் ஏறிவிடுவாள். ஆனால் எட்டு வயது வரைக்கும் அவள் தன் நிழலுக்கே பயந்த பிள்ளை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் இஷொய் என்கிற ஊரில் இருந்தோம். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது, அவளுக்கு நாலு. அம்மா சில மாதங்களில் பின்னால் வருவதாக ஏற்பாடு. அந்தச் சில மாதங்கள் நாலு வருடமாயின. இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை டேனிஷ் அரசாங்கம் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. நாடே அதைத் 'தமிழ் வழக்கு' என்று பேசியது. தொலைக்காட்சியைப் போட்டால் அதுதான்.

பள்ளிக்கூடத்துப் பையன்களும் தொலைக்காட்சி பார்த்தார்கள். அதில் மூன்று பேர், தங்கச்சியைவிடப் பெரியவர்கள், பெரிய தெருவுக்குக் கீழே சைக்கிள்கள் போகிற சுரங்கப்பாதைக்குள் நிற்பார்கள். அவள் வந்தால் "வழக்கு வருது, வழக்கு வருது" என்று டேனிஷில் கத்துவார்கள். சுரங்கம் அதைப் பல மடங்காக்கிக் கொடுக்கும். தொப்பியைப் பறிப்பார்கள், பையைத் தேங்கிய தண்ணீரில் போடுவார்கள். அவள் பதிலுக்கு வாய் திறந்ததில்லை. கடைத்தொகுதியைச் சுற்றி நெடுக நடந்து வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டாள். நான் அவளுடைய ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். பையன்கள் விளையாடுகிறார்கள் என்றார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

ஒருவழியாக அம்மாவுக்கு விசா கிடைத்தது. இங்கே தூரத்திலிருந்து வருகிறவர்களை வரவேற்கப் போகிற டேனிஷ்காரர் கையில் குச்சியில் ஒட்டிய அவர்கள் நாட்டுச் சின்னக் காகிதக் கொடி இருக்கும். தங்கச்சியும் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கொடி ஒண்டும் வேண்டாம் பிள்ளை. ஊரில கொடி பிடிச்சவனை எல்லாம் ஆமி பிடிச்சது. பேசாம வெறுங்கையோட போங்கோ."

"அம்மாவுக்கு என்ர முகம் தெரியாது அப்பா. கொடி வைச்சிருக்கிறதுதான் நான் எண்டு ரெலிபோனில சொல்லிப்போட்டன்."

அப்பா கொடியை அவள் கையிலேயே விட்டுவிட்டார். அவளுடைய பயமெல்லாம் அதுதான். பையன்கள்கூட அதற்குப் பிறகுதான். என் முகம் அம்மாவுக்குத் தெரியும். அவளுடையது நாலு வயதோடு நின்றுவிட்டது. அனுப்பிய படங்களில் பாதி போய்ச் சேரவில்லை. சேர்ந்த படங்களில் அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அம்மா வருகிற அன்று அப்பா பேக்கரி வேலை முடிந்து நேரே விமான நிலையத்துக்குப் போனார். அம்மாவை அழைத்துக்கொண்டு நாலு மணி ரயிலில் வருவார். நாங்கள் இருவரும் இஷொய் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். தங்கச்சி சட்டையை மாற்றி மாற்றிப் பார்த்ததில் நேரம் போய்விட்டது. கடைப்பக்கம் சுற்றினால் ரயிலுக்குப் பிந்திவிடுவோம். சுரங்கத்தைவிட்டால் வேறு வழியில்லை. அவளே முன்னால் நடந்தாள்.

மூன்று பேரும் உள்ளே நின்றார்கள். மூவரிலும் பெரியவன் கொடியை எட்டிப் பறித்தான். அவள் குச்சியை விடாததால் காகிதம் கிழிந்து அவன் கையோடு போனது. "வழக்குக்கு எதுக்கு எங்கட கொடி?" என்று சேற்றில் போட்டான்.

இனி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குச்சியை எறிந்துவிட்டு, அவனுடைய ஜாக்கெட் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஓம், வழக்குத்தான். அந்த வழக்கு என்ர அம்மா. நாலு மணி ரெயினில வாறா. கொடியைப் பார்த்துத்தான் அவவுக்கு என்னைத் தெரியும். நீ கிழிச்சுப்போட்டாய். இப்ப நீ வந்து, இதுதான் உங்கட மகள் எண்டு அவவுக்குச் சொல்லு."

டேனிஷில்தான் சொன்னாள், நான் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரலில். சுரங்கம் முதல் தடவையாக அவளுக்காகக் கத்தியது. மற்ற இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், சிரிப்பு வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்கள். பெரியவன் கையை உதறினான். அவள் விடவில்லை. அவன் அவளைவிட ஒரு தலை உயரம்.

"விடு" என்றான்.

"வா" என்றாள்.

அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தாள். நினைத்திருந்தால் அவன் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். ஏனோ ஓடவில்லை. நான் வழக்கின் சாட்சி மாதிரிப் பின்னால் போனேன். எனக்கு மனம் குளிர்ந்துபோய் இருந்தது.

ரயில் வந்து நின்றது. சேலைக்கு மேல் அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா இறங்கினார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என்னை அணைத்தபடியே அம்மா என் தோளுக்கு மேலால் தேடினார். பிளாட்பாரத்தில் வேறு பிள்ளைகளும் நின்றார்கள். அப்பா இன்னும் ரயிலிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னவள் எங்க? கொடியோட நிப்பன் எண்டவளெல்லோ?"

அந்தப் பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்று நினைக்கிறேன். அதற்குள் தங்கச்சி அவனை விட்டுவிட்டாள். நேரே அம்மாவுக்கு முன்னால் போய், தலையை நிமிர்த்தி, புதியவர்களைச் சந்தித்தால் செய்யும்படி இங்கே பள்ளிக்கூடத்தில் பழக்கியது போல, கைகுலுக்க வலது கையை நீட்டினாள்.

"நான்தான் உங்கட சின்ன மகள்."

பெற்ற தாய்க்குக் கை நீட்டுகிற பிள்ளையை அம்மா ஊரில் எங்கே கண்டிருப்பார். அந்தக் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிடித்தார். பையன் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அம்மாவின் செருப்பு சேற்றில் கழன்றது. அம்மா குனிந்து, தங்கச்சியின் கையை விடாமலே, மற்றக் கையால் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.