தொடர்பை அறுக்கும் மோடம்

மொன்றியல் கடைக்காரர் பிரெஞ்சில் நிரப்பிக் கொடுத்த மோடத்தின் உத்தரவாதச் சீட்டில் 2001 ஒக்டோபர் என்றிருக்கிறது. ஆகவே மாதத்தில் பிழையில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குக் கணினி வந்து, இணையம் மட்டும் வராதிருந்தது.

நூலகத்துச் சஞ்சிகைகளைப் படித்து, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைக் கொண்டுவரும் மோடங்களில் எதை வாங்குவதென்று நான் முன்பே முடிவுசெய்திருந்தேன். வீட்டில் வேறெவரும் அதைப்பற்றி ஒரு வரி வாசித்தவரல்லர். ஆனாலும் கடையில் தெரிவுசெய்யும் உரிமை அம்மாவுடையது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாததால் என் வேலை மொழிபெயர்ப்பு.

எங்கள் தொலைபேசியில், ஒருவரோடு பேசும்போது இன்னோர் அழைப்பு வந்தால் 'பீப்' என்று கேட்கும். அந்த வசதிக்குத் தனிக் கட்டணம். அப்பா நிறுத்தச் சொல்லியும் அம்மா இணங்கவில்லை. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். முதல் மோடம் அந்தச் சத்தத்தைத் தாங்கும். மற்றது அதைக் கேட்டதும் இணையத்தை அறுத்துவிடும். உடனே தொலைபேசி அடிக்கும். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். நான் ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு தரமும் அறுமோ எண்டு கேள்," என்றார் அம்மா.

ஒவ்வொரு தரமும்தான் என்றார் அவர், சற்று வெட்கத்தோடு.

"அப்ப அதைத்தான் எடு."

நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேனா என்று கடைக்காரர் என்னிடமே கேட்டார். அந்த அவமானம் இன்றும் ஆறவில்லை.

"பழுதைத் தேடி வாங்கின ஆக்கள் மொன்றியலிலை நாங்கள்தான்," என்று திரும்பும்போது மெற்றோ ரயிலில், கூட வந்திருந்த அப்பா சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

கடைக்காரர் சொன்னபடியே மோடம் நடந்துகொண்டது. பள்ளி ஒப்படைக்காகத் தேடிய படம் மேலிருந்து வரிவரியாக இறங்கி, பாதியில் நின்றுவிடும். ஈரக்கையோடு அம்மா ஓடிவருவார். அழைப்பது பெரும்பாலும் மாதா கோயில் செபக்கூட்டத்து மாமி. இல்லாவிட்டால் பிழையான இலக்கம். "ஓ, நீங்களே," என்று அம்மாவின் குரல் இறங்கும். என் படிப்பைக் கெடுக்கவே அந்த மோடத்தை வாங்கினார் என்று நம்பினேன்.

அம்மாவின் தமையன் அப்போது இலங்கையில், போர் நடந்த வன்னியில் இருந்தார். அங்கே தொலைபேசி இல்லை. வெளியே போக அனுமதிக்கும் பாஸ் எடுத்து வவுனியா நகருக்கு வந்து, கடையொன்றில் வரிசையில் நின்றுதான் கனடாவுக்கு அழைப்பு எடுக்க வேண்டும். நாங்கள் இணையத்தில் இருந்து அந்த அழைப்பைத் தவறவிட்டால் அவர் திரும்பிப்போக வேண்டியதுதான். இதை அப்பா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு. கடைக்காரரின் ஒவ்வொரு சொல்லையும் என் வாயால் கேட்டவர்கள் இந்த ஒன்றை என்னிடமிருந்து மறைத்தார்கள். தங்கையோடு கதைக்க ஒரு மனிதன் அனுமதி கேட்டு நின்ற காலத்தின் மீதும் கோபம் வருகிறது. அதைக் காட்டத்தான் ஆளில்லை.

அந்த டிசம்பரில் ஒரு மாலை இணையம் அறுந்தது. அம்மா ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றார். பிறகு, "அண்ணை?" என்றார். மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. திரும்ப இணைக்கலாமா என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தேன். வெகுநேரம் கழித்து, "ஓம், இனிப் போடு," என்றார்.

அந்த மாதம் மாமா வவுனியாவுக்கு வந்ததை அவருடைய மகள் உறுதிப்படுத்துகிறாள். எந்த நாள் என்பது அவளுக்கு நினைவில்லை; மாமாவைக் கேட்க இனி வழியில்லை. அன்று எடுத்தது அவர்தானா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.