சுரைக்கொடியை மிரட்டிய சாயங்காலம்

அக்னி நட்சத்திரம் முடிந்து பத்து நாள். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வடமாலபேட்டையில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் கத்தரி இலைகள் பத்து மணிக்கே தலை தொங்கிவிடும். வெண்டை மட்டும் முரட்டுத்தனமாய் நிற்கும். நான் நிற்கமாட்டேன். திருப்பதிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று, திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சுற்று. மண்ணைக் கிளறுவேன். சுரைக்கொடியை இழுத்து வேறு பக்கம் விடுவேன், அரைமணி கழித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவருவேன்.

"அத்த கொஞ்சம் சும்மா வுடுய்யா. உன் கை பட்டே அதுக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி.

சுரை அவள் போட்டது. கல்யாணமாகி ஏழாவது வீடு இது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது விதைப்பாள். பூக்கிற சமயத்தில் எனக்குக் கால் அரிக்கும், வேறு வேலை, வேறு ஊர், சாமான் ஏற்ற வண்டி வாசலில் நிற்கும். "நான் நட்டதெல்லாம் யார் யாரோ துன்னாங்க" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்தக் கொடி குளியலறைக் கூரை முழுக்கப் படர்ந்துவிட்டது. சாயங்காலம் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும், காலையில் வாடி உதிர்ந்து கிடக்கும். அத்தனையும் ஆண் பூ. பிஞ்சு ஒன்றுகூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன்: பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் குப்பம் ஊரில் கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அவள் ரசம் ஊற்றினாள். போதும் என்று நான் கைகாட்டிய பிறகும் ஊற்றினாள்.

ஞாயிறு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேல் தலை நீட்டினாள். தமிழில் ஏறி தெலுங்கில் இறங்குகிற பேச்சு அவளுக்கு.

"ஏமண்ணா, ஊரிக்கே, சும்மா சும்மா பூத்துக்கினே கீது, ஒரு பிஞ்சு காணோமே?"

"எல்லாம் ஆண் பூம்மா."

"ஆம்பளைங்க கூட்டம் கூடினா வேலை எங்க ஆவும்? மிரட்டுண்ணா, வழிக்கு வரும். நீ வெட்டறேன்னு கத்தியத் தூக்கு, அக்கா வேணாம்னு தடுக்கட்டும். எங்க முருங்கைக்கு அப்படித்தான் பண்ணோம்."

"காய்ச்சுதா?"

"பயத்துலயே காய்ச்சுது!"

கை சும்மா இருக்க முடியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துவந்து கொடியின் அடித்தண்டில் வைத்தேன். "காய்க்க மாட்டியா? எத்தனை நாள்தான் உனக்குத் தண்ணி ஊத்தறது? வெட்டிப் போட்டுட்டுக் கிளம்பறேன் பாரு!"

கிளம்பறேன் என்பது விளையாட்டில் இல்லாத சொல். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மனைவி ஈரக்கையோடு வந்தாள். "வெட்டாதே" என்றாள், மெதுவாக.

"சத்தமா சொல்லுக்கா, கொடிக்குக் கேக்க வேணாமா?"

"வெட்டாதய்யா. இப்பதான் வேரு புடிச்சிருக்கு. எத்தினி தடவை புடுங்கிக்கினு போறது? ஒரே ஒரு தடவை காய்க்க வுடு."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கொடியை அவள் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று தலை இறங்கிப் போயிற்று. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

திங்கள் காலை பஸ்ஸில் நின்றபடியே குப்பத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன். சொல்லி முடித்ததும் உள்ளங்கால் அரித்தது. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வெயிலில், யாரோ துரத்துகிற மாதிரி நடந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மழை. அதற்கு நாலைந்து நாள் கழித்து, கூரை ஓரத்தில் ஒரு பூவின் அடியில், கட்டைவிரல் நீளத்துக்கு ரோமம் படர்ந்த பச்சைப் பிஞ்சு. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். விரலை மடக்கித்தான் அவளுக்குக் காட்டினேன்.

"தொடாதே" என்றாள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அங்கே அவை ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன.