வெள்ளி போட்ட கலத்துக்குச் சந்தனப் பொட்டு

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள். அறை பார்க்க வந்த நாளில் அவள் தண்ணீரைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அன்ரி, இதிலை பின்னேரம் வரைக்கும் நிழல் விழாதுதானே?" என்றாள். நிழல் இல்லாத இடம் தேடி அறை எடுக்கும் ஆளைத் திருநெல்வேலியில் நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அன்றே எனக்கு யோசனை தொடங்கிவிட்டது.

யோசிப்பது எனக்கு ஓர் உத்தியோகம் மாதிரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்த ஆட்கள் ஆறுதலாக இருக்கிற இடங்களில் எல்லாம் அவர்களுக்கும் சேர்த்து நான்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. காஸ் அடுப்பை மூடினேனா என்று பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது. அடுப்பு ஒருநாளும் என்னை நியாயப்படுத்தியதில்லை.

ஒரு காலை பிள்ளை சின்னப் பெட்டி ஒன்றை மாடியில் வைத்தாள். மேலே கண்ணாடி மூடி. உள்ளே தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கிற கலங்கள் என்றாள்.

"இடப்பக்கத்தது சாதாரணம், அன்ரி. வலப்பக்கத்ததிலை வெள்ளி போட்டிருக்கு."

"கொலுசு செய்யிற வெள்ளியோ?"

"ஓம், அதே வெள்ளிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமயிரின்ரை தடிப்பை ஆயிரமாப் பிரிச்சால் வாற அளவுத் துணிக்கை."

வெயில் மெல்லிய கலத்துக்குள் புகுந்து நேரே வெளியே போய்விடுமாம். வெள்ளித் துணிக்கை அதை மறித்து, அங்கும் இங்கும் திருப்பிவிடுமாம். உள்ளே கொஞ்சம் கூடுதலாக அலைந்தால், கொஞ்சம் கூடுதலாக மின்சாரம். எனக்கு உடனே விளங்கியது. "போயிட்டு வாறன்" என்று எழும்பிய ஆளை வாசல் படலையில் மறித்து இன்னொரு மணித்தியாலம் கதைப்பது எங்கள் ஊரில் நடக்காத வீடு இல்லை. முக்கால்வாசி ஊர்ப் புதினம் படலையில்தான் வெளியில் வரும்.

ஆனால் நல்ல வெயில் நாட்கள் தொடர்ச்சியாக வேண்டும். மாரி தொடங்கினால் பிறகு தை மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவளோ அதற்கு முன்பே பேராசிரியர்மார் முன்னால் நின்று, வெள்ளி போட்டது கூடுதலாகத் தருகிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டு வருட வேலை அந்தரத்தில். "ஒருத்தரும் பெட்டியைத் தொடாமல் பாருங்கோ, அன்ரி" என்று சொல்லிவிட்டுக் கம்பஸுக்குப் போய்விட்டாள்.

மாடியில் வெள்ளி, வெட்ட வெளியில். எனக்கு வேறு யோசனை எதற்கு? கள்ளர் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, பாதுகாப்புக்காக மதிலுக்கு அந்தப்பக்கத்து அக்காவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்றும் சொன்னேன். அவவும் அப்படியே சொல்லித்தான் எல்லோருக்கும் சொன்னா.

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுச் சனமும் வெள்ளி பார்க்க வந்தது. பெட்டிக்கு மேலால் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. "மினுங்குது" என்றார் ஒருவர். "நல்ல சுத்தமான வெள்ளி" என்றார் இன்னொருவர்.

அக்கா பிள்ளையிடமே கேட்டா. "மகளின்ரை பழைய கொலுசு ஒரு சோடி கிடக்குது. அதையும் உருக்கிப் போட்டால் இன்னும் கூடக் கரண்ட் வராதோ?"

"கூடப் போட்டால் வெள்ளியே வெயிலை மறிச்சுப்போடும், அக்கா."

வெள்ளி கூடிப்போவது ஒரு குறையா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. என் கணவருக்கு வேறு கணக்கு. "வெள்ளி போட்டது கடைக்கு வரட்டும். அது வரைக்கும் நான் கூரையிலை சோலர் பூட்ட மாட்டன்" என்றார். ஏற்கெனவே பூட்டாமல் இருந்ததற்கு அவருக்கு இப்போது விஞ்ஞானக் காரணம் கிடைத்துவிட்டது.

வானம் வடக்குப் பக்கம் கறுக்கத் தொடங்கிய வாரம் அது. பிள்ளைக்கு இன்னும் இரண்டு வெயில் நாட்கள் வேண்டியிருந்தன. மாடியில் மிளகாய் காயப்போட ஏறினேன். வலப்பக்கத்துக் கலத்துக்கு நேர் மேலே, கண்ணாடியில், வட்டமாகச் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

மதிலால் எட்டிப் பார்த்தேன். "அக்கா, இது நீங்களோ?"

"ஓம். கோயிலால வந்தனான். உங்கடை படி திறந்து கிடந்தது. புது மோட்டச்சைக்கிள் எடுத்தால் வைக்கிறேல்லையே? இவ்வளவு சனத்தின்ரை கண் பட்ட சாமான்."

"மற்றதுக்கு ஏன் வைக்கேல்லை?"

"அதிலை என்ன கிடக்கு கண் பட?"

இப்போது யோசிக்க உண்மையாகவே ஒரு விசயம் இருந்தது. பொட்டு இருந்தால் வெள்ளிக் கலத்துக்கு வெயில் குறையும், தோற்றுவிடும். துடைப்போம் என்றால் தொடக்கூடாது என்று சொன்னது என்னிடம். பிள்ளைக்கு எடுத்த அழைப்பை அவள் எடுக்கவில்லை. கணவரைக் கேட்டேன்.

"உமக்கேன் தேவையில்லாத வேலை? சும்மா இரும்" என்றார். அவர் எல்லா ஆபத்துக்கும் கைவசம் வைத்திருக்கும் மருந்து அது.

ஓட்டப்போட்டியில் ஒரு பிள்ளையின் காலில் கல்லைக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லை அவிழ்க்க முடியாவிட்டால் மற்றப் பிள்ளைக்கும் ஒன்று கட்டுவதுதானே நியாயம்? ஆனால் நாங்கள் வேதக்காரர். அப்பாவின் அப்பா காலத்தில் இருந்து மெதடிஸ்த சபை. வீட்டில் சந்தனம் ஏது? மதிலடிக்குத் திரும்பப் போனேன்.

"அக்கா, கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் தாங்கோவன்."

அக்கா என் முகத்தையே பார்த்தா. கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் தங்கச்சி, ஒருநாளைக்குக் கேப்பீர் எண்டு" என்றா. கிண்ணம் நிறையத் தந்து, இரண்டு வாழைப்பழமும் வைத்தா. விளக்கம் சொல்ல நேரமில்லை. மாடிக்கு ஓடி, இடப்பக்கத்துக் கலத்துக்கு மேலே அதே அளவில், விரலாலும் கண்ணாலும் அளந்து, ஒரு பொட்டு வைத்தேன். என் வாழ்நாளில் நான் வைத்த முதல் சந்தனப் பொட்டு ஒரு மின்கலத்துக்குத்தான்.

மத்தியானம் தாண்டிப் பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தாள். கம்பஸ் கணினியில் மின்சார அளவு காட்டும் ஒரு கோடு காலையில் விழுந்ததாம், மற்றது பிறகு விழுந்ததாம். மாடிக்கு ஏறிப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் எல்லாம் சொன்னேன். கல்லுக் கட்டிய கதையையும் சொன்னேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"அன்ரி, இது மேல் மூடிதானே. ஒரு துணியாலை துடைச்சிருக்கலாம்."

"தொட வேண்டாம் எண்டு நீர்தானே சொன்னது?"

"தொடவேண்டாம் எண்டால் பொட்டு வைக்கலாமோ?"

கண்ணாடி துடைக்கும் துணியால் இரண்டையும் துடைத்தாள். அந்த நாள் போனது போனதுதான்.

அடுத்த நாள் காலை முழுக்க வானம் மப்பு மூடிக் கிடந்தது. நான் மாடிப்படியில் கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தேன், மேலே ஒருவரும் ஏறாதபடி. வானத்தை மறிக்க என்னிடம் கதிரை இல்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் எப்படியோ நல்ல வெயில் எறித்தது. மூன்றாம் நாள் மழை கொட்டியது. பிள்ளை பெட்டியைச் சேலைத்துணியில் சுற்றிக் கீழே கொண்டு வந்தாள்.

பேராசிரியர்மாரிடம் போய்வந்த அன்று படலையிலேயே மறித்துக் கேட்டேன். வெள்ளி கூடத்தான் தந்ததாம்; அவர்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

"எவ்வளவு கூட?" என்றார் என் கணவர், உள்ளே இருந்து.

"கொஞ்சம், அங்கிள்."

"உந்தக் கொஞ்சத்துக்கோ ஒழுங்கையே அல்லோலப்பட்டது?"

மதிலுக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது. "பொட்டு வைக்காட்டில் அந்தக் கொஞ்சமும் வந்திராது" என்றா.

எனக்கு வேறு யோசனை. "பிள்ளை, அந்த ஒரு நாள் கோடு விழுந்ததைப் பற்றிக் கேட்டவையோ?"

"கேட்டவை. கண்ணாடியிலை மஞ்சளாத் தூசு படிஞ்சது, ரெண்டிலும் ஒரே அளவு, அதாலை அண்டைக்கும் வெள்ளிதான் முன்னுக்கு எண்டு சொன்னனான்."

"அது பொய்யல்லோ?"

"சந்தனம் காய்ஞ்சால் தூசுதானே, அன்ரி."

அவள் நிம்மதியாகப் படியேறிப் போய்விட்டாள். அது பொய்யா இல்லையா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருப்பது நான்தான்.