முழங்காலில் குளிர்

எலூதெரியோ மனலாஸ்தாஸ் என்ற முழுப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். எங்களுக்கு அவர் தெர்யோ அண்ணன். பாசிக் நகரில் எங்கள் கூடைப்பந்து அணிக்குப் பதினாறு வருடமாகக் கால் பிடித்துவிடுகிறவர். அணி, மத்திமீனை டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியுடையது. தோற்றால் பத்திரிகைக்காரர்கள் ‘நசுங்கிய டப்பா’ என்று எழுதுவார்கள். இது இரங்கல் குறிப்பு அல்ல, தெர்யோ அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். அவரைப் பற்றி எழுத என்னை உட்காரவைத்தது பாசம் அல்ல, வெட்கம்.

முன்பு அவர் ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்களின் கழுத்துப் பிடிப்பை எடுத்துவிடுவார். பிறக்கும்போது தலைக்கு முன் கால் வந்தவர் அவர். அப்படிப் பிறந்தவன் கையிலேயே மருந்து இருக்கும் என்பார்கள். ஒருநாள் எங்கள் பழைய கோச் இடுப்புப் பிடித்து அவருடைய வண்டியிலிருந்து இறங்க முடியாமல் தவித்தார். தெர்யோ அவரை அங்கேயே இருக்கையில் குப்புறப் போட்டு அமுக்கி எழுப்பிவிட்டார். மறுவாரமே அணியில் வேலை கிடைத்தது.

தேங்காய் எண்ணெய், இஞ்சி, வாட்டிய வாழையிலை, இவைதான் அவருடைய ஆஸ்பத்திரி. இலைத் துண்டைக் காலில் இழுத்துக்கொண்டே போவார். அது எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே கோளாறு. ஆட்டம் முடிந்ததும் குழாயில் கை நீட்டுகிறவன் எவனாக இருந்தாலும் திட்டு விழும்: “சூடு ஆறாத கையில தண்ணியா? நாளைக்கு விரல் நடுங்குதுன்னு எங்கிட்ட வராத.” எங்கள் அணிக்கு ஆட வந்த ஏழடி அமெரிக்கர்கள்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்கு உயிர் ரெனான் பகினோன். முப்பத்தொரு வயது, பந்தை முன்னெடுத்துப் போகிறவன், பதினோரு வருடமாக எங்களிடமே ஆடியவன். தெர்யோவின் கடைசி மகள் லிரியோவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான். அப்படி நின்றவனும் பெற்றவனும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிட வேண்டும். கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொண்டால் ஊர் பொறுக்கும். கும்பாரேக்கள் முகம் திருப்பினால் பொறுக்காது.

நான் ஒபெட், எண் பார்க்கிறவன். ஒவ்வோர் ஆட்டக்காரனின் வயது, புள்ளிகள், ஒப்பந்தத்தில் மிச்சம், உடம்பின் காயம் எல்லாவற்றையும் கட்டத்தில் போட்டு ஓர் எண்ணாக்கித் தருவேன். இவனைக் கொடுத்தால் மற்ற அணியிடம் யாரைக் கேட்கலாம் என்று அந்த எண் சொல்லும். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலத்தான், கணினியில் செய்தால் கொஞ்சம் கௌரவம். ரெனானின் எண் எழுபத்து நான்கு. அதற்கு முதல் ஐவரில் ஆடும் ஓர் உயரக்காரனையே கேட்கலாம்.

பிப்ரவரியில், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் காலம் முடிகிற கடைசி நாள். ஓர் அணி ரெனானுக்குப் பதிலாக ஒரு பெஞ்சுக்காரனையும், புது ஆட்டக்காரர் தேர்வில் இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் தருவதாகச் சொல்லியிருந்தது. எங்கள் மேலாளர் கைல் சிரித்தார். முதலாளியின் அக்கா மகன், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். எங்கள் தகாலோக் மொழியில் சாப்பாடு வாங்க மட்டும் தெரியும். அவர்களுக்கு மறுப்புச் சொல்வதற்கு முன், ரெனான் இரண்டு நாளாகக் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறானே, என்னவென்று கேட்போம் என்று தெர்யோவைக் கூப்பிட்டார். அணி டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக செபூ தீவுக்குப் போயிருந்தார்.

தெர்யோ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஒண்ணுமில்ல பாஸ். முட்டிக்கு மேல லமிக் உக்காந்திருக்கு. அவ்ளோதான்.”

லமிக் என்றால் குளிர். உழைத்த உடம்பில் தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுமே, அதற்குப் பெயர். டிரைவருக்கும் உண்டு, துணி துவைக்கிறவளுக்கும் உண்டு. இரண்டு நாள் தேய்த்தால் கரைந்துவிடும். கைலுக்குப் புரியவில்லை. அதை இங்கிலீஷில் சொல் என்று என்னைப் பார்த்தார்.

இங்கிலீஷ் பேச நேர்ந்தால் மூக்கில் ரத்தம் வருகிறது என்று எங்களூரில் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு அது கேலி அல்ல. நான் அரசுப் பள்ளியில் படித்தவன். இவனுக்கு இங்கிலீஷ் வராது என்று அந்த அறையில் ஒருநாள் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். முடிச்சு என்பதற்கு வார்த்தை வரவில்லை. குளிர் என்று சொன்னால் என்னையும் நாட்டு வைத்தியக் கும்பலில் சேர்த்துவிடுவார் என்று கூச்சம். எப்போதோ ஒரு டாக்டர் கடிதத்தில் படித்த வார்த்தை நாக்கில் நின்றது.

“டீஜெனரேட்டிவ்” என்றேன்.

தேய்ந்துகொண்டே போவது, இனி திரும்பாதது என்று அதற்கு அர்த்தம். கொஞ்சமும் திக்காமல் வந்தது. வந்த அழகில் எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சார் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று தெர்யோ தலையாட்டிவிட்டுப் போனார். கைலின் முகம் மாறிவிட்டது. காயக் கட்டத்தில் அந்த வார்த்தையை நானே அடித்தேன். எழுபத்து நான்கு நாற்பத்தொன்றாக இறங்கியது. தப்பாகச் சொல்லிவிட்டேன் பாஸ் என்று அப்போது சொல்லியிருக்கலாம். செபூவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் தள்ளிவிடுவோம் என்று கைல் போனை எடுத்தார். ரெனான் போய்விட்டான், ஒரு பெஞ்சுக்காரனுக்கு.

ஏன் இந்த அடிமாட்டு விலை என்று அவன் கைலிடமே போய்க் கேட்டிருக்கிறான். உன் காலைப் பிடித்துவிடுகிறவரே சொன்னார் என்று கைல் அந்த வார்த்தையையும் சொல்லி அனுப்பிவிட்டார். அலமாரியைக் காலி செய்ய வந்தவன் தெர்யோவின் அறை வாசலில் நின்றான். எதிர் அறையில் கதவு திறந்திருக்க, நான் இருந்தேன்.

“கும்பாரே, பதினோரு வருஷம் இந்தக் காலு உன் கையில இருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னா எங்கிட்டல்ல மொதல்ல சொல்லணும்? டீஜெனரேட்டிவ்னு அவன்கிட்ட போய்ச் சொன்னியாமே.”

தெர்யோ வாயைத் திறந்தார். அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

புது அணியின் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கால் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் சொல் படத்தில் விழாது, ஊரில்தான் விழும். ஜூனில் ஒப்பந்தம் முடிந்தபோது, மூன்று வருடம் எதிர்பார்த்தவனுக்கு முழங்காலைக் காட்டி ஒரே வருடம் கொடுத்தார்கள். வேறு எந்த அணியும் அவனை விசாரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஞானப்பிள்ளைகள் ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போய், அவர் கையைத் தங்கள் நெற்றியில் வைத்து வணங்கிப் பரிசு வாங்குவார்கள். அந்த வருடம் லிரியோவுக்கான பரிசை அவன் டிரைவரிடம் முன்னதாகவே கொடுத்தனுப்பிவிட்டான், அவள் அவனுடைய வீட்டுப்படி ஏறாதபடி.

அணிப் பையன்கள் தெர்யோவின் மேசையில் படுக்கும்போதெல்லாம், “அண்ணே, என் காலைப் பத்தி மேல சொல்லிடாதீங்க” என்பார்கள். தெர்யோவும் கூடவே சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

போன மாதம் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் தெர்யோவே என்னைப் பிடித்து மேசையில் குப்புறப் போட்டார். வாழையிலை தோளில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“லமிக்தான் சார். பயப்படாதீங்க, இதுக்காக யாரும் உங்கள வேற டீமுக்கு அனுப்ப மாட்டாங்க.”

அவர் முகம் தெரியாத தைரியத்தில்தான் சொன்னேன். “அண்ணே, அன்னிக்கு அந்த வார்த்தையை நான்தான் போட்டேன்.”

கை நிற்கவே இல்லை. “தெரியும் சார். அந்த வார்த்தை என் வாயில நுழையுமா?”

“பின்ன ரெனான்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உங்களத்தான கை காட்டணும். ரெண்டும் சின்னப் புள்ளைங்க உங்களுக்கு. வேலை போயிருக்கும்.” கட்டைவிரல் முடிச்சைத் தேடி அழுத்தியது. “நீங்களே போய்ச் சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.”

வலித்தது. அழுவதற்கு அது வசதியாக இருந்தது. அவர் எண்ணெயைத் துடைத்துவிட்டு என்னை எழுப்பி உட்காரவைத்தார்.

“இப்ப திரும்புதா பாருங்க.”

இடது பக்கம் நன்றாகத் திரும்பியது. அவர் நின்றிருந்தது வலது பக்கம், அங்கே நான் திரும்பவில்லை.