டாலிவர் சுடுமா?

டாலிவர் கைத்துப்பாக்கி நிஜமாகவே குப்பையா என்று இன்றைக்கும் காபிக்கடையில் யாராவது கேட்டுவைப்பார்கள். நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் அடுத்து வருவது இந்தக் கேள்விதான். முன்பெல்லாம் உட்காரவைத்துப் பதில் சொல்வேன். இப்போது அலுத்துவிட்டது. முட்டை ஆறுகிறது என்று சொல்லித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வேன். அந்தக் கேள்விக்குச் சளைக்காமல் பதில் சொன்னவள் ஒருத்திதான். வெர்னா ஸ்டாட்லர். அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஓஹையோ ஆற்றோரம் எங்கள் தொழிற்சாலை ஒரு தகரக் கொட்டகை. முதலில் அங்கே கார்களுக்குத் துத்தநாகத்தில் பாகங்கள் வார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்க் கம்பெனிக்காரன் கையை விரித்ததும் முதலாளி அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார். அதனால்தான் டாலிவர் அப்படி இருக்கும். எஃகில் மெலிதாகச் செய்யவேண்டியதைத் துத்தநாகத்தில் தடியாகச் செய்தால் வேறு எப்படி இருக்கும்? இஸ்திரிப்பெட்டி மாதிரி கனக்கும். பார்க்கச் சகிக்காது. ஊரில் அதற்குச் செங்கல் என்றுதான் பெயர். ஆனால் விலை குறைவு. பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலைக்கு நிற்கிறவனும், முதியோர் இல்லத்தில் பீத்துணி அலசிவிட்டு இருட்டில் தனியாக வீடு திரும்பும் பெண்ணும் அதைத்தான் வாங்கினார்கள். நல்ல துப்பாக்கி வாங்க வசதி இருக்கிறவன்தான் இதைப் பார்த்துச் சிரித்தான்.

வெர்னா பழுது பார்க்கும் மேஜையில் இருந்தாள். நான் பக்கத்தில் பெட்டி கட்டுகிறவன். டாலிவருக்கு ஆயுசு முழுக்க உத்தரவாதம் உண்டு. கடையில் வாங்கினவனாக இருந்தாலும் சரி, செத்துப்போன மாமனாரின் அலமாரியிலிருந்து எடுத்தவனாக இருந்தாலும் சரி, கொண்டுவந்தால் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்போம். சரிசெய்ய முடியாவிட்டால் புதுசு கொடுப்போம். சிரமத்துக்குத் தோட்டா அடைக்கும் மேகசின் ஒன்றும் இலவசம். வெளியூர்க்காரர்கள் பார்சலில் அனுப்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே நின்று வாங்கிப்போவார்கள். அந்த ஜன்னல் வெர்னாவின் ராஜ்யம்.

முழங்கால் தேய்ந்தவள். எழுந்தால் உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் எழ மாட்டாள். புருஷன் ஃப்ளோரிடாவுக்கு வேலை தேடிப் போனவன் அங்கேயே வேறொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். மகளை இந்தச் சம்பளத்தில்தான் ஆளாக்கினாள். "செங்கல்னு சொல்றீங்களே, என் பொண்ணு பல்லுக்குக் கம்பி போட்டது இந்தச் செங்கல்தான்" என்பாள். யாராவது டாலிவரைக் குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

டயர் கடை வைத்திருக்கும் டுவைட் பெட்டிபோன் அதற்காகவே ஜன்னல் பக்கம் வருவான்.

"வெர்னா, டாலிவர் வச்சிருக்கிறவன் வீட்டுக்குத் திருடன் வந்தா என்ன செய்வான் தெரியுமா? சுடமாட்டான். தூக்கி எறிவான். அதான் குறி தப்பாது."

"துடைச்சு வச்சிருந்தா சுட்டிருக்கும். நீ உன் பல்லையே துடைக்கிறதில்ல, துப்பாக்கியைத் துடைக்கப் போறியாக்கும்."

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எங்களிடம் வந்ததில் பாதிக்கு மேல் ஒரு கோளாறும் இருக்காது. பழைய அழுக்கு. இல்லையென்றால் எண்ணெய். சமையலறையில் இருக்கிற எண்ணெயையெல்லாம் உள்ளே ஊற்றி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் அது பசையாக இறுகும். தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தவேண்டிய ஊசி மெதுவாக நகர்ந்து லேசாகத் தட்டிவிட்டு நின்றுகொள்ளும். தோட்டா வெடிக்காது. உடனே டாலிவர் குப்பை. மேகசினின் வாய் வளைந்து தோட்டா சிக்குவதும் உண்டு, அது எங்கள் தப்புதான், அதை வெர்னாவே ஒத்துக்கொள்வாள். மற்றதற்கெல்லாம் ஜன்னலில் வைத்தே பாடம் எடுப்பாள். கேட்கக் கேட்க எனக்குக் காது புளித்துப்போகும்.

அவளுக்கு ஒரு தம்பி. டெல்மர். அம்மா குடித்துக் குடித்துப் போய்ச்சேர்ந்தபிறகு அவனை வளர்த்ததே இவள்தான். கண்ணாடித் தொழிற்சாலையில் சூளை வேலை. அதிகம் பேசாத பையன், ஆனால் யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் முதலில் போய் நிற்பான். ஒரு கோடையில் அவன் பெண்டாட்டி நெல்டா சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனாள். அதே வருஷம் இலையுதிர் காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலையை மூடினார்கள். அதன்பிறகு அவன் மலைமேட்டில் இருக்கிற டிரெய்லர் வீட்டை விட்டு இறங்கவே இல்லை.

வெர்னா ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து பன்றிக்கறி போட்ட பீன்ஸ் கொண்டுபோவாள். போன வாரத்துப் பாத்திரம் மூடியைத் திறக்காமல் அப்படியே இருக்கும்.

"என் வீட்டு பின்னறை சும்மாத்தான் கிடக்கு, வந்துடுன்னு சொல்றேன். பார்க்கலாம் அக்காங்கறான்" என்று திங்கட்கிழமை என்னிடம் சொல்வாள். "அந்தப் பார்க்கலாம் எனக்குப் பிடிக்கலை, ஆர்வில்."

"ஆம்பளை, துக்கம் ஆறக் கொஞ்ச நாள் ஆகும்" என்பேன். அதைத் தவிர எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

அடுத்த மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலம் என்பதால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊருக்கே மீன் வறுக்கிற நாள், எல்லோரும் இங்கே வேலையை முடித்துக்கொண்டு அங்கே போவார்கள். ஜன்னலில் நாலைந்து பேர். டுவைட் தன் மச்சானின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வாயடித்துக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் டெல்மர் வந்து நின்றான். கோட்டு அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு இளைத்திருந்தான்.

வெர்னாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். தம்பி வீட்டை விட்டு இறங்கி வந்துவிட்டானே என்று.

"வாடா. வழி தெரிஞ்சுதா?"

"இதைக் கொஞ்சம் பாருக்கா" என்று ஒரு டாலிவரை மேஜையில் வைத்தான். நெல்டா ராத்திரி வேலைக்குப் போன காலத்தில் வாங்கியது. "சுடமாட்டேங்குது."

"எங்க சுட்டே?"

"ஓடைப் பக்கம். டப்பா வச்சு."

அவள் துப்பாக்கியின் மேல்பாகத்தைக் கழற்றினாள். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. உள்ளே தேன் மாதிரி எண்ணெய் உறைந்திருந்தது. ஒரு துணி, கொஞ்சம் கரைப்பான், ஐந்து நிமிட வேலை. வெர்னா டுவைட் பக்கம் திரும்பிச் சிரித்தாள், பாடத்தை ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வெடிக்காத தோட்டா வச்சிருக்கியா?" என்று கையை நீட்டினாள். எல்லோரிடமும் கேட்பதுதான். அதைப் பார்த்தால் ஊசி எவ்வளவு வேகமாகக் குத்தியது என்று தெரியும்.

டெல்மர் சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தான். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒரு பள்ளம் இல்லை, இரண்டு இருந்தன. வெடிக்காததை வெளியே எடுத்து, அதையே மறுபடி உள்ளே போட்டு, மறுபடி முயன்றிருக்கிறான்.

"மத்த தோட்டா எங்கடா?"

"ஒண்ணுதான் எடுத்துட்டுப் போனேன்."

யாரும் ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு ஓடைக்கு டப்பா சுடப் போகமாட்டார்கள். எங்கள் ஊரில் தோட்டாப் பெட்டி காலியாகாமல் திரும்பமாட்டார்கள். வெர்னா அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் விளிம்பைப் பார்த்தான். அவன் ஓடைக்குப் போகவே இல்லை.

அவள் கழற்றிய பாகங்களை ஒன்றாகக் கூட்டித் துணியில் சுருட்டினாள்.

"இது ஆகாதுடா. செத்துப்போச்சு."

"என்ன கோளாறு?"

"எல்லாமே கோளாறு. சரி பண்ண முடியாது."

டுவைட் கோப்பையைக் கீழே வைத்தான். "அடேங்கப்பா. வெர்னா வாயிலயா இது?"

டெல்மர் அவனைக் கவனிக்கவே இல்லை. "அப்படின்னா புதுசு குடுப்பீங்கல்ல" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். அந்த உத்தரவாதத்தை அவனுக்கு ஆயிரம் தடவை பெருமையாகச் சொன்னவளே அவள்தான்.

வெர்னாவின் முகம் வெளுத்துப்போனது. அலமாரியில் அவள் முதுகுக்குப் பின்னால் புதுசுகள் வரிசையாக இருந்தன. கேட்டால் கொடுக்கவேண்டியது சட்டம். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"புதுசும் இப்படித்தான். எல்லாம் குப்பை. டுவைட் சொல்றதுதான் சரி. நாங்க பண்றது எதுவும் உருப்படியாச் சுடாது. இத்தனை வருஷமா நான் பொய் சொல்லிட்டிருந்தேன், சம்பளத்துக்காக. உனக்கு ஒண்ணும் தரமாட்டேன். போ."

மேற்பார்வையாளர் ரஸ்ஸல் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் காதிலும் முழுக்க விழுந்திருக்கிறது.

டெல்மர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அக்கா, நீ பொய் சொல்றே."

"ஆமா."

"எதுக்கு?"

"எனக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா?" என்றாள். "என் கண்ணு முன்னாடி இரு. அது போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. "முடியலைக்கா. ரொம்ப அசதியா இருக்கு" என்றான்.

"தெரியும். வண்டியில ஏறு."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டாள். ரஸ்ஸல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அப்புறம் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். அந்த முழங்காலோடு அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வாயாடி டுவைட் ஓடிப்போய் டெல்மருக்காக வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். அதை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அவள் நேராக மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய், டாக்டரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பிறகு பின்னறைக்குக் கூட்டிவந்தாள். ராத்திரியெல்லாம் அறைக்கதவைத் திறந்தே வைக்கச் சொல்லி இருவருக்கும் தினமும் சண்டை. டெல்மர் இன்னும் அங்கேதான் இருக்கிறான். சூப்பில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். சில நாள் எழுந்திருக்கவே மாட்டான், அந்த நாட்களில் அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள்.

வாடிக்கையாளர் முன்னால் சரக்கைக் கேவலமாகப் பேசியதற்காக ரஸ்ஸல் அவளை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அவரிடம் காரணத்தை நான் சொல்கிறேன் என்றேன். "வாயை மூடிட்டு இரு. என் தம்பி மானம் அது" என்றாள். ஊரில் கதை பரவிவிட்டது, டாலிவர் குப்பை என்று வெர்னாவே ஒத்துக்கொண்டாளாம் என்று. தபாலாபீஸில், மளிகைக்கடையில், மீன் வறுக்கிற இடத்தில் அவளை நிறுத்திக் கேட்டார்கள். எதற்கும் சண்டை போடாமல் "ஆமா, குப்பைதான்" என்று சொல்லிவிட்டு நடப்பாள். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபிறகு அந்தத் துணிச்சுருளை நான்தான் பிரித்தேன். எனக்கு ஏன் புத்தி அப்படிப் போனது என்று தெரியவில்லை. எண்ணெயை வழித்துத் துடைத்தேன், ஊசியைக் கழுவிப் போட்டேன், சோதனை அறைக்குக் கொண்டுபோய் மேகசினை நிரப்பி மணல் பெட்டிக்குள் சுட்டேன். முதல் தோட்டாவே வெடித்தது. இரண்டாவதும், மூன்றாவதும், கடைசி வரைக்கும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. பிறகு அதை அறுவை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு துண்டாக அறுத்து, உருக்குகிற தொட்டியில் போட்டேன்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்று வெர்னா ரொம்ப நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அதை நீ சுத்தம் பண்ணிப் பார்த்திருப்பியே?"

"பார்த்தேன்."

"சுட்டுச்சா?"

நான் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்ல வெர்னா. ஒரு தடவைகூடச் சுடலை."

அந்த எண்ணெயைக் கண்ணால் பார்த்தவளுக்கு நான் சொல்வது பொய் என்று தெரியும். துணியை மடித்து வைத்தாள். "சரி" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.