முதல் வரியில் இருந்த பெயர்

நூர்நிஷா வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு இறந்துவிட்டார். உறுதிசெய்தவர் அவருடைய தம்பி அப்பாஸ். "அக்கா மவுத்தாயிட்டாங்கண்ணே. டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு," என்றார் போனில். புற்றுநோய் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இத்தனை சீக்கிரம் என்று தெரியாது. மேற்கொண்டு என்ன கேட்பது என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகை நிருபனாகக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான்.

திண்டுக்கல்லில் நூர்நிஷா அத்தா என்று அழைத்த அவருடைய அப்பா தோல் மண்டி வைத்திருந்தார். மண்டி ஜீப்பில்தான் நூர்நிஷா வண்டி பழகினார். பக்கத்தில் உட்கார்ந்த அத்தா ஒன்றும் சொல்லித்தரமாட்டார். பள்ளம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், அதைப் பார்த்து இவர் பிரேக்கை மிதிப்பார். அங்கிருந்து தொடங்கியவர் ஒட்டன்சத்திரத்துச் செம்மண் தடங்களிலும் வடக்கே பாலைவன மணலிலும் ராலி என்னும் கார் பந்தயம் ஓட்டினார். இரண்டாமிடம், மூன்றாமிடம் பலமுறை வந்திருக்கிறார். முதலிடம் ஒரே ஒரு முறை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ராலி காரில் இருவர் இருப்பார்கள். வலப்பக்கம் ஓட்டுநர், இடப்பக்கம் வழி சொல்பவர். பந்தயத்துக்கு முன்பே இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போவார்கள். ஒவ்வொரு வளைவையும் ஓட்டுநர் சொல்லச் சொல்ல மற்றவர் நோட்டில் எழுதிக்கொள்வார். பந்தயத்தன்று அதை உரக்கப் படிப்பார். நூர்நிஷாவுக்கு வழி சொன்னவர் நெய்க்காரப்பட்டி விவசாயி தங்கவேல். நோட்டு முழுக்க நூர்நிஷாவின் பேச்சு, தங்கவேலின் கையெழுத்து. 'லேசா வலது' என்றால் சிறு வளைவு. 'அம்புட்டும்' என்றால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கலாம். பிரேக் போட வேண்டிய இடத்தில் 'அத்தா' என்று எழுதியிருக்கும். "ஏனுங்கக்கா, உங்க அத்தாவ நான் ஒரு நாளைக்கு நூறு தடவ கூப்புடறனுங்க," என்று தங்கவேல் சிரிப்பார்.

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு குளத்துச் சேற்றில் நூர்நிஷாவின் கார் ஒருமுறை புதைந்துவிட்டது. கரையில் கூடிய கூட்டத்தில் ஒருவர், "ஏலே, பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்," என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு நூர்நிஷா சொன்னார்: "சரித்தான் அப்பு. ஓட்டத்தான் பொம்பள, தள்ள ஆம்பள வேணும். எறங்குங்க." அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த ஒரே முதலிடம் தாடிக்கொம்பைத் தாண்டி நடந்த பந்தயத்தில் கிடைத்தது. நான் தாமதமாகப் போனேன். முடிவுத் தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. மண்டியில் வேலை இருந்ததால் நூர்நிஷாவுக்குப் பதிலாகத் தங்கவேல் போய்ப் பதிவு செய்திருந்தார். ஓட்டுநர் பெயருக்கான முதல் வரியில் தெரியாமல் தன் பெயரை எழுதிவிட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. தங்கவேல் ஓட்டிய கார் முதலிடம், உடன் சென்றவர் நூர்நிஷா என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நூர்நிஷா வந்து பத்திரிகையை என் மேசையில் விரித்தார்.

"அண்ணே, நான் எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?"

"இடப்பக்கம்னு நெனச்சேன்மா."

"நெனச்சீகளா? எட்டிப் பாத்திருந்தா ஸ்டீயரிங் தெரிஞ்சிருக்குமே."

திருத்தம் மூன்று வரியில், உள்பக்கத்தின் அடியில் வந்தது. அவர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். "போகட்டும்ணே, ஓட்டுனது ரோட்டுக்குத் தெரியும்," என்றார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் பந்தயச் சங்கம் தன் பழைய வெற்றியாளர் பட்டியலை வெளியிட்டது. சங்கத்தின் பழைய தாள்கள் கரையான் அரித்துப்போனதால் பத்திரிகைச் செய்திகளிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். என் செய்தி அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, திருத்தம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாஸின் போனில் நூர்நிஷா அதைப் பார்த்தார். என்னை வரச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "இது ஒண்ணுதாண்ணே எனக்கு இருக்கு. இத மட்டும் மாத்திக் குடுத்துருங்க." தலையணைக்கடியிலிருந்து அந்த மூன்று வரியை எடுத்துத் தந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

ஜனாஸா ஊர்வலத்தின் பின்னால் தங்கவேலும் நானும் நடந்தோம். தெரு திரும்பும் இடத்தில் அவர் வாய்க்குள்ளேயே, "லேசா வலது," என்றார். அடக்கத்துக்காக மையவாடி வாசலில் நூர்நிஷாவைச் சுமந்து வந்த சந்தூக்கை இறக்கியபோது, "அத்தா," என்றார். பிறகு தோள் குலுங்க அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நூர்நிஷாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?' என்ற கேள்வி. அதன் பிறகு எந்தச் செய்தியையும் அதைக் கேட்காமல் நான் எழுதியதில்லை. கேட்டிருக்க வேண்டிய அன்று கேட்கவில்லை.

என் பிழையை ஒப்புக்கொண்டு சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் வந்த துண்டும், தங்கவேல் எழுதிய நோட்டும் அதோடு இருக்கின்றன. அந்தக் காரில் எழுதிய கை எது, ஓட்டிய கை எது என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். செயற்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. தங்கவேலும் வருகிறார். இதை எழுதும் இந்த நேரம்வரை, பட்டியலில் முதலிடம் தங்கவேலின் பெயரில்தான் இருக்கிறது.