பொருந்தாத ஒரு ரூபாய்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு, திருப்புலிவனத்திலிருந்து சசிரேகா வேலைக்கு வந்துபோகத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருடம் சாலவாக்கம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கெழுதினாள். அங்கே மூட்டை வரும், எடை போடுவார்கள், எழுதுவாள், முடிந்தது. எந்த மூட்டையும் அப்புறம் போன் போட்டு அவளிடம் நியாயம் கேட்டதில்லை. இங்கே நாள் முழுக்க அதுதான் பிழைப்பு.

சென்னையில் ஒரு கம்பெனி ஆப் ஒன்றை நடத்துகிறது. ஊர்ப்பக்கத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலை வீடியோ எடுத்து அதில் போடுவார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் மாதச் சந்தா கட்ட வேண்டும். ஆடு வளர்ப்பவர், மாடித் தோட்டம் போடுபவர், கேக் செய்பவர் என்று இந்த வட்டாரத்தில் பதினான்கு பேர். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, கட்டியும் ஏன் வீடியோ திறக்கவில்லை என்கிற பஞ்சாயத்து மொத்தமும் சசிரேகா தலையில். ராத்திரிச் சாப்பாட்டில்கூட அவள் சந்தா எண்களையே புலம்புவதாக அவள் கணவன் முத்துகிருஷ்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கென்ன, டிராக்டரை ஓட்டிவிட்டு வந்து படுத்துவிடுகிறவன்.

வங்கியே மாதாமாதம் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் வசதி ஆப்பில் இருக்கத்தான் செய்கிறது. இங்கே ஒருவரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. காசு நம் கையால்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஆகவே அவரவர் ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, குறிப்பில் சந்தா எண்ணை எழுதி அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. சந்தா எண்ணை எழுதச் சொன்னால் ரேஷன் கார்டு எண்ணை எழுதுவார்கள். மகனின் போன் எண்ணை எழுதுவார்கள். ஒரு அம்மாள் ‘நான்தான்’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தாள். யாரென்று கண்டுபிடிக்கச் சசிரேகாவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு ரூபாயைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாலவாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் பாக்கியமேரி ரவிக்கை வெட்டுவதைச் சொல்லித் தருகிறாள். நாற்பத்தைந்து வயது, கணவன் இல்லை, பெண் நர்சிங் படிக்கிறாள். கடையில் வருவது வாடகைக்குச் சரி. பெண்ணின் பீஸ் இந்தச் சந்தாப் பணத்தில்தான் போகிறது. மாதம் நூறு ரூபாய். அவளிடம் கற்றுக்கொள்கிற பெண்களில் பாதிப்பேர் நூற்றியொன்று அனுப்புகிறார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி.

கம்பெனியின் இயந்திரத்துக்கு மொய் தெரியுமா? நூறு என்றால் நூறு. நூற்றியொன்று வந்தால் ‘பொருந்தாதவை’ என்ற குவியலில் தள்ளிவிடும். வீடியோ திறந்துவிடும், ஆனால் சந்தாதாரர் எண்ணிக்கையில் அந்த ஆள் சேராது. தொடர்ந்து மூன்று மாதம் முந்நூறு பேருக்குக் கீழே போனால் பக்கத்தையே மூடிவிடுவது கம்பெனி விதி. பாக்கியமேரிக்கு இரண்டு மாதம் அப்படிப் போய்விட்டது. மூன்றாவது மாதத்தின் கடைசித் தேதி காலையில் சசிரேகா கணினியைத் திறந்தபோது, பணம் கட்டியவர்கள் முந்நூற்று ஐம்பத்திரண்டு பேர், பொருந்தியவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று நின்றது. மாலை ஆறு மணிக்குக் கணக்கு பூட்டப்படும்.

விலையை நூற்றியொன்று என்று மாற்றித் தொலையுங்கள் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். சென்னை அலுவலகத்தில் இருக்கும் தினேஷ்குமார், ஆப்பில் ஐம்பது, நூறு, இருநூறு என்று மூன்றே விலைதான் வைக்க முடியும், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் மேடம் என்றான். எழுதி நான்கு மாதம் ஆகிறது. அன்று காலையிலும் அதையே சொன்னான். வேண்டுமானால் அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், மீதி நூறு தானாகப் பொருந்திவிடும் என்று ஒரு வழியும் சொன்னான்.

நூற்றைம்பத்து நான்கு பேருக்கு ஒவ்வொரு ரூபாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓடிபி. தலையில் அடித்துக்கொண்டு சசிரேகா ஆரம்பித்தாள். பகல் ஒரு மணிக்குள் எண்பது பேருக்கு அனுப்பி, எண் இருநூற்று எழுபத்தெட்டுக்கு ஏறியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தால் இருநூற்று எழுபது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருநூற்று அறுபத்தொன்று. ரூபாய் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் அதை மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நூறோடு ஒன்றைக் கூட்டி, பழையபடி பொருந்தாத குவியலில் போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. எடுத்தவுடன் சசிரேகா எரிந்து விழுந்தாள். எதிர்ப்பக்கம் திருப்புட்குழி ஜெயம்மாள். இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறவள். அவள் சத்தம் போடவில்லை. குரல் கம்மியிருந்தது.

“இன்னாமா, அந்த ஒரு ரூபாய திருப்பி அனுப்பிக்கிறீங்க? மேரியக்கா எங்கள வேணான்ட்டாங்களா?”

அப்படி இல்லை, இது இயந்திரக் கோளாறு என்று சசிரேகா விளக்கப் பார்த்தாள். ஜெயம்மாள் கேட்கிற நிலையில் இல்லை.

“சைபர்ல முடிச்சா அத்தோட தீந்துபூடுச்சின்னு அர்த்தம்மா. ஒறவு இன்னும் கீதுன்றதுக்குத்தான் அந்த ஒத்த ரூபா. அந்த வீடியோவ பாத்துதான் நான் வூட்லயே மிஷின் போட்டு சம்பாரிச்சிக்கினு கீறேன். பொயப்பு கத்துக் குடுத்தவங்களுக்கு மொட்டையா நூறு வெப்பாங்களா?”

வைத்துத் தொலைத்தால்தான் என்ன என்று வாய்வரை வந்ததைச் சசிரேகா விழுங்கினாள். மாதாமாதம் நான் வருவேன் என்று சொல்வதற்குத்தானே சந்தா என்று பெயர். அதை ஒரு ரூபாய் கூடுதலாக வைத்து அழுத்திச் சொல்கிறவர்களையே பார்த்துப் பார்த்துக் கழிக்கிறதே இந்த இயந்திரம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

பாக்கியமேரியை அழைத்தாள். இனி ரூபாய் அனுப்பாதீர்கள் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். பாக்கியமேரி மறுத்துவிட்டாள். கொடுக்கிற கையைத் தட்டிவிடச் சொல்கிறீர்களே, பக்கம் போனாலும் போகட்டும் என்றாள். அந்த ஒரு நொடியில் சசிரேகாவின் பொறுமை பறந்தது. பெண்ணின் பீஸை எதை வைத்துக் கட்டுவீர்கள், நான் இங்கே காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் யாருக்காக மாரடிக்கிறேன் என்று கத்தினாள். கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாக்கியமேரி போனை வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து, சந்தாதாரர்களின் வாட்ஸப் குழுவில் அவள் குரல் வந்தது.

“யாரும் தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க ஒரு ரூபாய நான் வேணான்னு சொல்லல. என் பேர சொல்லி உங்க மிஷின் டிராயர்லயே போட்டு வைங்க. என்னிக்காவது நேர்ல பாக்கச்சொல்ல வாங்கிக்கிறேன்.”

அதற்குப் பிறகு ரூபாய்கள் திரும்பி வருவது நின்றது. சசிரேகா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஏற்கனவே மறுபடி அனுப்பியவர்களுக்கு மறுபடியும் திருப்பினாள். ஓடிபி, ஒரு ரூபாய், ஓடிபி, ஒரு ரூபாய். விரல் மரத்துப்போனது. ஐந்தேகாலுக்கு எண் இருநூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஓடிபி வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். நாலே பேர், நாலு பேருக்காகவா ஒரு பெண்ணின் படிப்பு போக வேண்டும்? சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தன் போனை எடுத்து, பாக்கியமேரியின் பக்கத்துக்குத் தானே ஒரு சந்தா கட்டினாள். அவளுக்கு ஊக்கு தைக்கக்கூட வராது. ஒரு ஆள் கூடட்டுமே என்று ஒரு நப்பாசை.

ஐந்தரைக்கு ஓடிபி வந்தது. அடுத்தடுத்து வந்தது. ஐந்தே முக்காலுக்கு எண் முந்நூற்றைத் தொட்டது. ஆறு மணிக்குக் கணக்கு பூட்டியபோது முந்நூற்று ஒன்பது. சசிரேகா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாக்கியமேரிக்குத் தகவல் சொன்னாள். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. மத்தியானம் போட்ட கூச்சலுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராமல், சீக்கிரம் வைத்துவிட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது தினேஷ்குமார் அழைத்தான். பக்கம் தப்பித்தது என்று பாராட்டிவிட்டு, ஒரு சின்ன விஷயம் என்று இழுத்தான். எல்லாரும் குறைத்துக்கொண்டு வருகிற நேரத்தில் புதிதாக ஒரு ஆள் நூற்றியொன்று அனுப்பியிருக்கிறார், ஐந்து இருபத்தொன்றுக்கு.

சசிரேகாவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதா, யார் அந்த மகராசி, பேரைச் சொல்லுங்கள், இப்போதே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்றாள்.

தினேஷ்குமார் தயங்கினான். “சசிரேகா, திருப்புலிவனம்னு போட்டிருக்கு மேடம்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, தான் அனுப்பிய தொகையைத் திறந்து பார்த்தாள். நூற்றியொன்று. ஒன்றைத் தட்டியதாக நினைவே இல்லை. நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறோம் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஒரு ரூபாயைத் தானே திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று தினேஷ்குமார் கேட்டான். அது தன் போனில் திரும்பி வந்து விழுவதை நினைத்ததும் சசிரேகாவுக்குச் சுருக்கென்றது. ஜெயம்மாளின் குரல் ஏன் அப்படிக் கம்மியிருந்தது என்று இப்போதுதான் உறைத்தது.

“அனுப்பாதீங்க சார்,” என்றாள். “நான் பொருந்தாமயே இருந்துட்டுப் போறேன்.”